ஸ்டேட்டா லூப்: பி3_1 ஏன் நின்றது, பி3_2 ஏன் நிற்காமல் ஓடியது

கேள்வி (ஜூன் 9)

"தேசியக் குடும்பநல ஆய்வு ஐந்தாம் சுற்றின் பெண்கள் கோப்பை வைத்து, ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளில் வேலை செய்கிறேன். நேர்காணலுக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் ஒவ்வொரு பெண்ணுக்கும் எத்தனை குழந்தை பிறந்தது என்று எண்ண வேண்டும். பிறந்த தேதி பி3_01 முதல் பி3_20 வரை இருபது மாறிகளில் இருக்கிறது. ஃபார்வேல்யூஸ் லூப் (ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓட்டும் சுற்று) போட்டு 1/20 கொடுத்தேன். முதல் தடவையிலேயே 'ஆம்பிகுவஸ் அப்ரிவியேஷன்' என்று சொல்லி ஆர்(111) என்ற பிழை எண்ணைக் காட்டி நிற்கிறது. ஸ்டேட்டாவில் லூப் சரிப்படாது, ஆர் மொழிக்குப் போய்விடு என்கிறார்கள் கூடப் படிப்பவர்கள். அப்படித்தானா?"

ஜூன் 9, இரவு

போக வேண்டாம் தம்பி. லூப்பில் கோளாறு இல்லை. உங்கள் மாறியின் பெயர் பி3_01. லூப் உண்டாக்கும் பெயர் பி3_1. நடுவில் ஒரு பூஜ்யம் குறைகிறது.

ஸ்டேட்டாவின் லூப்பைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு விஷயம் மனதில் பதிந்தால் போதும்: அது எழுத்தை ஒட்டும் வேலை. `ஐ' என்று எழுதிய இடத்தில் ஐ-க்குள் என்ன எழுத்து இருக்கிறதோ அதை அப்படியே ஒட்டிவிட்டு, பிறகுதான் அந்த வரியை ஸ்டேட்டா படிக்கிறது. ஐ-க்குள் 1 இருந்தால் பி3_`ஐ' என்பது பி3_1 ஆகும். அந்த 1-ஐ எண்ணாகப் பார்த்து, "இந்த ஆள் முதலாவது பிறப்பைக் கேட்கிறார்" என்று ஊகிக்கிற அறிவு அங்கே இல்லை.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு சின்ன வழி. லோக்கல் என்பது ஒரு பெயருக்குள் எழுத்தை வைக்கும் கட்டளை, அந்தப் பெயரை மேக்ரோ என்பார்கள். (குறிமுறையை இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறேன். நீங்கள் வழக்கம்போல் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.)

லோக்கல் எக்ஸ் 1+3
டிஸ்ப்ளே 2*`எக்ஸ்'

விடை 8 வராது, 5 வரும். 2*1+3 என்று ஒட்டப்பட்டுவிட்டது. சமக்குறி போட்டு லோக்கல் எக்ஸ் = 1+3 என்று எழுதினால் முதலிலேயே கணக்குப் போட்டு 4-ஐ உள்ளே வைக்கும், விடை 8. இந்த இரண்டு வரிகளையும் இன்றே அடித்துப் பாருங்கள். ஸ்டேட்டா லூப்பைப் பற்றி நான் சொல்லப்போகிற முக்கால்வாசி விஷயம் இதற்குள் அடக்கம்.

உங்கள் கேள்விக்கு நேர் விடை:

ஃபார்வேல்யூஸ் ஐ = 1/20 {
  லோக்கல் ஜே : டிஸ்ப்ளே %02.0எஃப் `ஐ'
  ஜென் அண்மை_`ஜே' = (வி008 - பி3_`ஜே' < 60)
}

இரண்டாவது வரி 1-ஐ 01 என்றும் 9-ஐ 09 என்றும் மாற்றி ஜே-க்குள் வைக்கிறது. மூன்றாவது வரியின் ஜென் புதிய மாறியை உண்டாக்குகிறது. பட்டியல் சின்னதாக இருந்தால் ஃபார்ஈச் ஐ இன் 01 02 03 என்று கையாலேயே எழுதிவிடலாம். இன் போட்ட ஃபார்ஈச் எல்லாவற்றையும் எழுத்தாகவே எடுத்துக்கொள்வதால் பூஜ்யம் அப்படியே இருக்கும்.

வி008 நேர்காணல் நாள், பி3 பிறந்த நாள். இரண்டுமே 1900 ஜனவரியை 1 என்று வைத்து எண்ணிய மாதக் கணக்கு. 2020 ஜனவரி என்றால் 120×12+1, அதாவது 1441. ஆகவே கழித்தால் வருவது மாதம். 60-க்குக் குறைவு என்றால் ஐந்து வயது நிரம்பவில்லை.

ஜூன் 10, காலை

நேற்று எழுதியதில் ஒரு பகுதி பாக்கி. பி3_1 என்று ஒரு மாறியே இல்லை. அப்படியானால் 'நாட் ஃபவுண்ட்' என்றுதானே வர வேண்டும்? 'ஆம்பிகுவஸ்' என்று ஏன் வந்தது?

ஏனென்றால் ஸ்டேட்டா மாறிப் பெயரைச் சுருக்கி எழுத அனுமதிக்கிறது. நாம் எதையும் மாற்றாவிட்டால் அந்த வசதி திறந்தே இருக்கும். பி3_1 என்று கேட்டதும் "பி3_10-ஆ, பி3_11-ஆ, பி3_19-ஆ, எதைச் சுருக்கினாய்?" என்று குழம்பியது. குழம்பியதால் நின்றது. நின்றது உங்கள் நல்ல நேரம்.

இப்போது பி3_2-ஐ யோசியுங்கள். பி3_2 என்று தொடங்கும் மாறி கோப்பில் எத்தனை? ஒன்றே ஒன்று: பி3_20. குழப்பத்துக்கு இடமே இல்லை. எனவே ஸ்டேட்டா பி3_2 என்றால் பி3_20 என்று எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் ஓடும். பிழைச் செய்தி கிடையாது, எச்சரிக்கை கிடையாது. இரண்டாவது பிறப்பைக் கேட்ட இடத்தில் இருபதாவது பிறப்பின் தேதி வந்து உட்காரும். இந்தியாவில் இருபது பிரசவம் கண்ட பெண் எத்தனை பேர்? ஏறக்குறைய எல்லா வரியிலும் அது வெற்றிடம்.

இதைத் தடுக்க டூ-ஃபைலின் (கட்டளைகளை எழுதி வைக்கும் கோப்பின்) தலையில் செட் வேர்அப்ரிவ் ஆஃப் என்று ஒரு வரி போடுங்கள். என் எல்லா டூ-ஃபைல்களிலும் அது இருக்கும். எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் எழுதச் சொல்வதும் இதைத்தான். முழுப் பெயரை அடிக்கக் கொஞ்சம் சோம்பலாக இருக்கும். ஆனால் பி3_2 கேட்டால் 'நாட் ஃபவுண்ட்' என்று உடனே நின்றுவிடும். அந்த நிற்பு நமக்குத் தேவை.

ஜூன் 10, மதியம்

ஒரு நண்பர் குறுக்குவழி சொல்லியிருக்கிறார்: "வரிக்கு முன்னால் கேப்சர் போட்டுவிடுங்கள், பிழை வந்தாலும் லூப் நிற்காமல் ஓடிவிடும்."

தயவுசெய்து வேண்டாம். என்ன நடக்கும் என்று ஒவ்வொரு படியாகப் போய்ப் பார்ப்போம். பூஜ்யம் சேர்க்காத லூப், சுருக்கப் பெயர் வசதி திறந்திருக்கிறது, கேப்சரும் இருக்கிறது. ஐ = 1: குழப்பம், கேப்சர் விழுங்கிவிடுகிறது. ஐ = 2: பி3_20-ஐ எடுத்துக்கொள்கிறது. 3 முதல் 9 வரை: மாறி இல்லை, விழுங்கிவிடுகிறது. 10 முதல் 20 வரை: ஒழுங்காக ஓடுகிறது. ஆக மொத்தம் 12 தடவை ஓடியிருக்கிறது, அதில் பி3_20 இரண்டு தடவை.

இந்தக் கோப்பில் 01 என்பது கடைசியாகப் பிறந்த குழந்தை. மிக அண்மையிலிருந்து பின்னோக்கித்தான் வரிசை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் 01, 02, 03-இல்தான் இருப்பார்கள். அவ்வளவையும் லூப் தாண்டிப் போய்விட்டது. முடிவில் ஏறக்குறைய எல்லாப் பெண்களுக்கும் பூஜ்யம் வரும். திரையில் சிவப்பு எழுத்து ஒன்றுகூட இருக்காது.

கேப்சருக்கென்று இடம் உண்டு. சில சுற்றுகளில் மட்டும் இருக்கும் மாறியைத் தேடும்போது கேப்சர் கன்ஃபர்ம் வேரியபிள் போட்டு, அடுத்த வரியில் _ஆர்சி என்ன என்று பார்த்து முடிவெடுக்கலாம். பார்க்காமல் விழுங்க விடுவதற்கு அது வந்ததல்ல.

ஜூன் 10, இரவு

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: "பூஜ்யம் சேர்த்தேன், ஓடிவிட்டது. அண்மைப் பிறப்பு சரியாக இருக்கிறது. அதேபோல் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களை எண்ண < 60 என்பதை >= 60 ஆக்கினேன். குழந்தையே இல்லாத பெண்ணுக்கு 20 பிள்ளை என்று வருகிறது."

வரும். ஸ்டேட்டாவில் விடுபட்ட மதிப்பு எல்லா எண்ணையும்விடப் பெரியது. அதைப் புள்ளியாகக் காட்டும். ஆனால் ஒப்பிடும்போது அது வரிசையின் கடைசியில், முடிவிலிக்கும் அப்பால் நிற்கிற எண் மாதிரி நடந்துகொள்ளும். பி3_07 வெற்றிடம் என்றால் வி008 - பி3_07-ம் வெற்றிடம். வெற்றிடம் 60-ஐவிடக் குறைவா? இல்லை. அதனால்தான் உங்கள் முதல் லூப் ஒரு பாதுகாப்பும் இல்லாமலே சரியான விடை தந்தது. வெற்றிடம் 60-ஐவிடப் பெரியதா? ஆம். அதனால் இரண்டாவது லூப் ஒவ்வொரு வெற்றிடத்தையும் ஒரு பிள்ளையாக எண்ணியது. இரண்டு கைக்குழந்தைகள் மட்டும் உள்ள பெண்ணுக்கு 18 மூத்த பிள்ளைகள் வந்திருப்பார்கள், பாருங்கள்.

ஜென் மூத்த_`ஜே' = (வி008 - பி3_`ஜே' >= 60) & !மிஸ்ஸிங்(பி3_`ஜே')

இந்த நிபந்தனையை முதல் லூப்பிலும் சேர்த்துவிடுங்கள். இன்று தேவையில்லை என்றாலும், நாளைக்கு யாராவது குறியைத் திருப்புவார்கள்.

ஓடி முடித்ததும் சரிபார்க்க வழி கோப்புக்குள்ளேயே இருக்கிறது. வி201 என்பது அந்தப் பெண் பெற்ற மொத்தக் குழந்தைகள். அண்மைக் கூட்டுத்தொகையும் மூத்த கூட்டுத்தொகையும் சேர்ந்தால் அது வர வேண்டும். அசர்ட் என்ற கட்டளை பொருந்தாவிட்டால் நிறுத்திவிடும்: அசர்ட் அண்மை + மூத்த == வி201. நிபந்தனை இல்லாமல் ஓட்டியிருந்தால் எல்லாப் பெண்களுக்கும் கூட்டுத்தொகை 20 என்று வந்து அசர்ட் அங்கேயே நின்றிருக்கும்.

ஜூன் 11

மேக்ரோவைச் சுற்றிப் போடும் மேற்கோள் குறி பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். திறக்கும் குறி எஸ்கேப் விசைக்குக் கீழே இருப்பது. மூடும் குறி என்டர் விசைக்குப் பக்கத்தில் இருக்கும் சாதாரண ஒற்றைக் குறி. இரண்டும் வேறு. வேர்டிலிருந்தோ வாட்ஸ்அப்பிலிருந்தோ எடுத்து ஒட்டினால் வளைந்த குறியாக மாறி வரும், ஸ்டேட்டாவுக்கு அது புரியாது. கையால் மறுபடி அடியுங்கள்.

அடைப்புக்குறியும் அப்படித்தான். திறக்கும் அடைப்பு ஃபார்ஈச் இருக்கும் அதே வரியில் இருக்க வேண்டும். அதற்குப் பின்னால் கட்டளை எதுவும் வரக்கூடாது. மூடும் அடைப்புக்குத் தனி வரி.

ஜூன் 12

எழுதியதையெல்லாம் திரும்பப் படித்தேன். லூப்பைச் சரிசெய்யச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். ஆனால் அந்த லூப் தேவைதானா என்ற கேள்வி இன்னும் நிற்கிறது. இப்போது யோசித்தால் அதைத்தான் முதலில் கேட்டிருக்கத் தோன்றுகிறது.

ஒன்று: வி208 என்ற மாறி இருக்கிறது. கடந்த ஐந்து ஆண்டுகளில் பிறந்த குழந்தைகள். நீங்கள் எண்ணப் பாடுபட்ட அதே எண் கோப்பில் ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. எண்ணிக்கை மட்டும்தான் வேண்டும் என்றால் ஒரு வரிகூட எழுத வேண்டாம். உங்கள் லூப் சரியா என்று பார்க்கவும் அதையே வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு: அந்தக் குழந்தைகளைப் பற்றி மேலும் ஆராயப் போகிறீர்கள் என்றால், எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் (பி5), இறந்தவர்கள் எத்தனை மாதத்தில் இறந்தார்கள் (பி7) என்றெல்லாம் பார்க்கப் போகிறீர்கள் என்றால், பெண்கள் கோப்பையே விட்டுவிடுங்கள். பிறப்புக் கோப்பு என்று தனியாக ஒன்று தருகிறார்கள். அதில் ஒரு பிறப்புக்கு ஒரு வரி. பி3 ஒரே மாறி, பி5 ஒரே மாறி. பின்னொட்டு இல்லை, பூஜ்யம் இல்லை, இருபது தடவை சுற்றுவதும் இல்லை. ஜென் அண்மை = (வி008 - பி3 < 60) என்ற ஒரே வரியில் வேலை முடிந்தது.

பெண்கள் கோப்பில் 7,24,115 பெண்கள். ஆளுக்கு 20 இடம் என்றால் பி3-க்கு மட்டும் 1,44,82,300 கட்டங்கள். பெரும்பாலானவை வெற்றிடம். பிறப்புக் கோப்பில் அந்த வெற்றிடம் ஒன்றுமே இல்லை. ஜூன் 10 இரவு பார்த்த வெற்றிடச் சிக்கலும் சேர்த்தே போய்விடும்.

ரீஷேப் லாங் போட்டுப் பெண்கள் கோப்பையே நீளமாக்கலாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். செய்யலாம். ஆனால் வேண்டிய மாறிகளை மட்டும் எடுத்துக்கொண்டு செய்யுங்கள். முழுக் கோப்பையும் திருப்பினால் கணினி மூச்சு வாங்கும். சின்னப் பதிப்பான பிஇ வைத்திருப்பவர்களுக்கு முழுக் கோப்பு திறக்கவே திறக்காது. அதற்கு 2,048 மாறிகள்தான் எல்லை, இந்தக் கோப்பில் அதற்கு மேல் இருக்கிறது. யூஸ் வி001 வி002 வி003 வி008 வி201 பி3_* யூசிங் என்று கேட்டால் கேட்டது மட்டும் வரும்.

எந்தக் கோப்பு யாரைப் பற்றியது, ஒரு வரி என்றால் யார்: வீடா, வீட்டில் உள்ள ஆளா, பெண்ணா, பிறப்பா? ஒரு வேலையில் உட்காரும்போது நான் காகிதத்தில் முதலில் எழுதுவது இதுதான். எழுதிய பிறகு பாதி லூப் தேவைப்படாமலே போய்விடுகிறது.

ஜூன் 13

இன்னொருவர் அனுப்பியது: "என் லூப் 7 லட்சம் பெண்களையும் ஒவ்வொருவராகச் சுற்றுகிறது. ராத்திரி போட்டது, காலையிலும் ஓடிக்கொண்டிருக்கிறது."

பைத்தானிலிருந்தோ சி-யிலிருந்தோ வருகிறவர்களுக்கு இது இயல்பாக வரும் பழக்கம். ஃபார்வேல்யூஸ் ஐ = 1/`=_என்' (இது ஆங்கிலப் பெரிய எழுத்து என், மொத்த வரிகள்) என்று தொடங்கி, உள்ளே ரீப்ளேஸ் ... இன் `ஐ'. ஸ்டேட்டாவில் ஜென், ரீப்ளேஸ் இரண்டுமே முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தாமாகவே போகும். அந்த லூப்பை உள்ளே எழுதித்தான் கொடுத்திருக்கிறார்கள். நாம் லூப் எழுத வேண்டியது மாறிகள் மேல், கோப்புகள் மேல், மாநிலங்கள் மேல்.

முந்தைய வரியைப் பார்க்க வேண்டுமானாலும் லூப் வேண்டாம். சின்ன எழுத்து _என் நடப்பு வரியின் எண். ரீப்ளேஸ் எக்ஸ் = எக்ஸ்[_என்-1] இஃப் மிஸ்ஸிங்(எக்ஸ்) என்றால் மேலிருந்து கீழே வரிசையாக நிரப்பிக்கொண்டே போகும். மூன்று வெற்றிடம் தொடர்ந்து இருந்தாலும் மூன்றும் நிரம்பும், ஏனென்றால் மேலே நிரப்பிய மதிப்பைக் கீழே எடுத்துக்கொள்கிறது. (கோப்பை முறையாக வரிசைப்படுத்திவிட்டு, குடும்பம் குடும்பமாகப் பிரித்து ஓட்டும் 'பை' முன்னொட்டு போட்டுச் செய்யுங்கள். இல்லையென்றால் அடுத்த வீட்டுக்காரரின் மதிப்பு வந்துவிடும்.)

அவர் அனுப்பியதில் இன்னொன்றையும் கண்டேன். லூப்புக்குள்:

இஃப் வி025 == 1 {
  ரீப்ளேஸ் நகரம் = 1
}

வி025 வசிப்பிடம், 1 நகரம், 2 கிராமம். இப்படிக் கட்டளையாக எழுதிய இஃப் கோப்பின் முதல் வரியை மட்டும் பார்க்கும். முதல் பெண் நகரத்துக்காரர் என்றால் கோப்பில் உள்ள எல்லாரும் நகரத்துக்காரர் ஆவார்கள். கிராமத்துக்காரர் என்றால் ஒருவருக்கும் மாறாது. இஃப்-ஐ வரியின் கடைசியில் எழுதுங்கள்: ரீப்ளேஸ் நகரம் = 1 இஃப் வி025 == 1. அப்போதுதான் ஒவ்வொரு பெண்ணையும் பார்க்கும்.

ஜூன் 15

ஆர் மொழிக்காரர்கள் வந்துவிட்டார்கள், சந்தோஷம். நானும் ஆர் பயன்படுத்துகிறேன். வரைபடத்துக்கு அதைத்தான் திறப்பேன். ஆனால் "ஆர்-இல் இந்தச் சிக்கலே வராது" என்று எழுதியவருக்கு ஒரு வார்த்தை.

பழைய டேட்டா ஃபிரேமில் (ஆர்-இன் அட்டவணை வடிவம்) டாலர் குறி போட்டு பி3_2 கேட்டுப் பாருங்கள். அந்தப் பெயரில் மாறி இல்லை, அப்படித் தொடங்குவது பி3_20 ஒன்றுதான் என்றால், ஆர்-ம் பி3_20-ஐ எடுத்துத் தரும். அங்கேயும் பாதிப் பெயருக்கு முழுப் பெயரைப் பொருத்தும் வழக்கம் உண்டு. இரட்டைச் சதுர அடைப்பில் பெயரைக் கொடுத்தால் முழுப் பெயர் பொருந்தினால்தான் தரும். ஹேவன் தொகுப்பால் ஸ்டேட்டா கோப்பைப் படித்தால் டிப்பிள் என்ற புதுவகை டேட்டா ஃபிரேமாக வரும், அதில் டாலர் குறியும் பாதிப் பெயரை ஏற்காது, எச்சரித்துவிட்டு வெறுங்கையாகத் திரும்பும்.

1:லெங்த்(எக்ஸ்) என்று லூப் எழுதுவதும் அங்கே பரவலாக இருக்கிறது. எக்ஸ் காலியாக இருந்தால் 1:0 என்று ஆகி, சுற்றவே கூடாத லூப் 1, 0 என்று இரண்டு தடவை சுற்றும். சீக்_அலாங்(எக்ஸ்) எழுதிப் பழகுங்கள். தேதிகளின் மேல் நேரடியாக ஃபார் போட்டால் உள்ளே வருவது தேதி இல்லை, வெறும் எண். இவையெல்லாம் தெரிந்தவர் கையில் ஆர் அருமையான கருவி. மொழியை மாற்றினாலும், ஒட்டி வந்த பெயர் எது என்று பார்க்கிற வேலை கூடவே வரும்.

ஜூன் 16

இதைத் தனியாக எழுதத் தோன்றுகிறது. இதுவரை சொன்னதில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது இதுதான்.

ஒட்டப்போகும் மேக்ரோ இல்லவே இல்லை என்றால் ஸ்டேட்டா பிழை சொல்லாது. வெற்று எழுத்தை ஒட்டும். கல்யாணப் பத்திரிகை உறையில் பெயர் எழுத விட்ட இடத்தை அப்படியே விட்டு அஞ்சலில் போட்டது போல.

லோக்கல் துணை வி012 வி106 வி025 வி190
ஃபார்ஈச் ஒய் இன் உயரம் எடை {
  ரெக்ரெஸ் `ஒய்' சிகிச்சை `துனை'
}

மூன்றாவது வரியில் ண-வுக்குப் பதில் ன. துனை என்ற மேக்ரோ இல்லை. வயது, கல்வி, நகரம்-கிராமம், குடும்ப வசதி என்று நான்கு துணை மாறிகளும் காணாமல் போய்விட்டன. கட்டளை முழுமையாகத்தான் இருக்கிறது, ஓடுகிறது, அட்டவணை வருகிறது, கெழுவுக்குப் பக்கத்தில் (புள்ளியியல் முக்கியத்துவத்தைக் காட்டும்) மூன்று நட்சத்திரமும் வரலாம். கட்டுரையில் "வயது, கல்வி முதலியவற்றைக் கட்டுப்படுத்திய பின்" என்று எழுதுவோம். கட்டுப்படுத்தவே இல்லை.

எழுத்துப் பிழை இல்லாமலும் இது நடக்கும். டூ-ஃபைலில் நடுவிலிருந்து நாலு வரியை மட்டும் தேர்ந்தெடுத்து ஓட்டுகிறோம் இல்லையா? அந்த நாலு வரியைத் தனி டூ-ஃபைலாகத்தான் ஸ்டேட்டா ஓட்டுகிறது. மேலே வேறொரு தடவை ஓட்டிய லோக்கல் அந்த ஓட்டத்தோடு முடிந்துவிட்டது. புதிய ஓட்டத்தில் அது வெற்றிடம். லோக்கல் இருக்கும் வரியையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதைவிட, முழு டூ-ஃபைலையும் முதலிலிருந்து ஓட்டுவது நல்லது.

ஒரு பயிலரங்கில் பக்கத்து மேசைப் பெண்ணின் அட்டவணையில் நான்கு மாறிகளும் இல்லாததைக் கண்டுபிடித்தது நான் இல்லை, அவரேதான். "சார், வயதுக்கான வரி எங்கே?" என்று கேட்டார். முடிவைப் பார்ப்பதற்கு முன்னால் வரிகளை எண்ணியிருக்கிறார். அன்றிலிருந்து நான் மாணவர்களுக்குச் சொல்வது: கெழுவைப் படிக்கும் முன் இடப்பக்கப் பெயர்களைப் படியுங்கள்.

லூப் என்ன ஒட்டுகிறது என்று கண்ணால் காண செட் டிரேஸ் ஆன். ஒவ்வொரு வரியும் ஒட்டுவதற்கு முன் எப்படி, ஒட்டிய பின் எப்படி என்று திரையில் ஓடும். செட் டிரேஸ்டெப்த் 1 என்றும் சேர்த்துக்கொண்டால் வெள்ளமாகக் கொட்டாது.

ஜூன் 18

சுற்றுகளை ஒன்றாகச் சேர்க்கும் லூப் கேட்டவருக்கு. 1992–93, 1998–99, 2005–06, 2015–16, 2019–21 என்று முதல் ஐந்து சுற்றுகள். மும்பையில் உள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் நடத்துவது. ஆண்டை மேக்ரோவாக வைத்து டி:\தரவு\`ஆண்டு' என்று எழுதியிருக்கிறீர்கள். பின்சாய்வு \ மேக்ரோவுக்கு முன்னால் வந்தால் "இதை இப்போது ஒட்டாதே" என்று பொருள். ஒட்டாது, கோப்பு இல்லை என்று ஆர்(601) வரும். முன்சாய்வு / போடுங்கள். விண்டோஸிலும் அது வேலை செய்யும்.

அதைவிடப் பெரிய விஷயம் மாநில எண். நான்காம் சுற்றில் மாநிலங்களை ஆங்கில அகரவரிசையில் எண்ணியிருக்கிறார்கள், 1 என்றால் அந்தமான் நிக்கோபார். ஐந்தாம் சுற்றில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண், 1 என்றால் ஜம்மு காஷ்மீர். ஒரே எண்ணை வைத்து எல்லாச் சுற்றுகளிலும் கீப் இஃப் வி024 போடும் லூப், ஒவ்வொரு கோப்பிலும் வெவ்வேறு மாநிலத்தை எடுத்துவந்து ஒன்றாக ஒட்டும். டீகோட் போட்டுப் பெயரை எழுத்தாக எடுத்து, பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டை நீக்கிவிட்டுப் பெயரால் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு கோப்பையும் திறந்ததும் லூப்புக்குள்ளேயே டேப் வி024 போட்டு ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

மாதிரி எடை (சாம்பிளிங் வெயிட்) மாறியையும் மறக்க வேண்டாம். வி005-ஐ 10,00,000-ஆல் வகுத்துத்தான் பயன்படுத்த வேண்டும்.

ஜூன் 19

தமிழில் ஊர்ப்பெயர் வைத்திருக்கும் கோப்பு பற்றிக் கேட்டிருக்கிறார்கள். 14ஆம் பதிப்பிலிருந்து யூனிகோடு உண்டு, தமிழ் நன்றாகத் தெரியும். ஆனால் சப்ஸ்டர் வைத்து எழுத்தெழுத்தாக லூப் போட்டால் பைட் பைட்டாக வெட்டும். நம் எழுத்தில் ஒவ்வொரு யூனிகோடு குறிக்கும் மூன்று பைட், நடுவில் வெட்டினால் குப்பையாக வரும். யூசப்ஸ்டர் போடுங்கள். அப்போதும் 'கி' என்பது க-வும் இகரக் குறியுமாக இரண்டாகத்தான் எண்ணப்படும்.

ஜூன் 21

முதலில் கேட்ட தம்பி மறுபடி வந்திருக்கிறார். வி208-உடன் ஒப்பிட்டாராம், ஒரு பெண்கூட மாறவில்லையாம். மிகவும் மகிழ்ச்சி. அடுத்த கேள்வி: "கர்ப்பகாலப் பரிசோதனை எத்தனை தடவை என்று எம்14-ஐயும் அதே லூப்பில் சேர்த்தேன். எம்14_01 இல்லை என்கிறது."

இல்லைதான். பேறுகாலப் பகுதி மாறிகளுக்கு ஆறு இடம்தான், எம்14_1 முதல் எம்14_6 வரை. அங்கே பூஜ்யம் கிடையாது. பி-க்கு ஜே-யும் எம்-க்கு ஐ-யும் வேண்டும்:

ஃபார்வேல்யூஸ் ஐ = 1/6 {
  லோக்கல் ஜே : டிஸ்ப்ளே %02.0எஃப் `ஐ'
  ஜென் பரி_`ஐ' = எம்14_`ஐ' இஃப் வி008 - பி3_`ஜே' < 60
  ரீப்ளேஸ் பரி_`ஐ' = . இஃப் எம்14_`ஐ' == 98
}

98 என்பது "தெரியாது" என்று சொன்ன பெண். அதை மாற்றாமல் அப்படியே வைத்துச் சராசரி எடுத்தால் அவர் 98 தடவை ஆஸ்பத்திரிக்குப் போனதாகக் கணக்காகிவிடும். எம் பகுதியின் முதல் இடம் பி பகுதியின் எந்த இடத்துக்கு உரியது என்று மிட்எக்ஸ்_1 சொல்லும். இரண்டும் ஒன்றுதானா என்று ஆறு இடத்துக்கும் ஒரு டேப் போட்டுப் பார்த்துவிட்டு, விடையை இங்கே எழுதுங்கள். வேர்அப்ரிவ் ஆஃப் ஆகவே இருக்கட்டும்.